வேலியில் சிவப்புத் தலை, பூச்சட்டியில் மண் நிறம்: ஓணான்களில் ஆணும் பெண்ணும்

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வேலிக் கம்பியில் தினமும் காலை வெயில் ஏறும் நேரத்தில், தலையும் தொண்டையும் சிவந்த ஓணான் ஒன்று வந்து உட்காருகிறது. கீழே பூச்சட்டிகளுக்கு நடுவில் மண் நிறத்தில், அதைவிடச் சிறியதாக இன்னொன்று திரிகிறது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன் இரண்டும் வேறு வேறு இனம் என்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர், பின்னால் இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் அடிக்கும் மருந்துதான் ஒன்றின் தலையைச் சிவக்க வைத்தது என்கிறார். ஆணும் பெண்ணும் இப்படி வேறு வேறாக இருப்பதற்கு அவை வாழும் இடம்தான் காரணமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் வேலியில் இருக்கும் இந்த ஓணானை, அது பிறந்து வளர்ந்த காலத்துக்குள், சுற்றுப்புறம் மாற்றியதா என்பது ஒன்று. அதன் முன்னோர் வாழ்ந்த காடும் வெயிலும் எதிரிகளும் பல லட்சம் ஆண்டுகளாக அந்த இனத்தின் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு அச்சில் வார்த்தனவா என்பது மற்றது. ‘சூழல்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்வதால்தான் குழப்பம். இரண்டாவதற்கு என் பதில் ஆம். முதலாவதற்கு, அந்தச் சிவப்பைப் பொறுத்தவரை இல்லை. உடல் அளவைப் பொறுத்தவரை ஓரளவு ஆம்.

நான் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டாலும் எங்கள் வாயில் வருவது பழைய பெயர்தான். விலங்கியல் படித்து, இடைநிலைப் பள்ளியில் 26 ஆண்டுகள் உயிரியல் நடத்தினேன். ஓணான்களை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தவன் அல்லன். தோட்டத்திலும் வீட்டுச் சுவரிலும் கவனித்துக் குறிப்பு எழுதி வைத்தவன். ஆகவே நான் கண்டதைக் கண்டதாகவும், மற்றவர்கள் அளந்து காட்டியதைத் தனியாகவும் சொல்கிறேன்.

பெரியவரின் சந்தேகத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அம்மா முதுகில் தோம்பு சுமந்து பல வருடம் மருந்து அடித்தவர். அவர் கைத்தோல் எப்படி ஆனது என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் இந்தச் சிவப்புக்கும் மருந்துக்கும் தொடர்பு இல்லை. இந்த ஓணானுக்கு அறிவியல் பெயர் கலோட்டிஸ் வெர்சிகலர். வெர்சிகலர் என்ற லத்தீன் சொல்லுக்கு நிறம் மாறுவது என்று பொருள். பிரான்ஸ் நாட்டு விலங்கியலாளர் டோடான் 1802இல் அந்தப் பெயரை வைத்தார். நம் நாட்டில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். முதல் செம்பனைக் கன்று மண்ணில் இறங்குவதற்கு 115 ஆண்டுகளுக்கு முன்பே இதன் நிறமாற்றம் பெயரில் ஏறிவிட்டது. மருந்து வேறு கெடுதல்கள் செய்யலாம். பூச்சிகள் குறைந்தால் ஓணானுக்குத் தீனி குறையும். தலையைச் சிவக்க வைப்பது அதன் வேலை அன்று.

அந்தச் சிவப்பு எப்படிப்பட்டது என்பதை நான் பத்து வயதில் கையில் பிடித்துத் தெரிந்துகொண்டேன். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பது எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளின் விளையாட்டு. ரத்தம் உறிஞ்சும் என்று பயந்துகொண்டேதான் பிடிப்போம். (அது யார் ரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. ஆய்வாளர்களும் இன்றுவரை கழி நுனியில் சுருக்கு வைத்துத்தான் ஓணான் பிடிக்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தில் கற்றபோது எனக்குப் பெரிய சந்தோஷம்.) ஒரு நாள் ரத்தச் சிவப்பாக இருந்த ஒன்றைப் பிடித்தேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்திலிருந்து சிவப்பு வடிந்து, தலை முழுக்கக் காய்ந்த புல் நிறமாகிவிட்டது. சாயம் அடித்த நிறம் அப்படி வடியாது. தோலில் இருக்கும் நிற உயிரணுக்களுக்குள் நிறத் துகள்கள் பரவிக் குவிவதால் வருவது அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் சுரப்புநீர்கள் (ஹார்மோன்கள்) அதைத் தூண்டுகின்றன. பயமும் தோல்வியும் அதை அடக்குகின்றன. அன்றைக்கு அதை விட்டுவிட்டேன். பிறகு சுருக்குப் போடவில்லை.

வேலியில் உட்காருவது ஆண் என்பதற்கு நிறத்தைவிட நல்ல அடையாளங்கள் உண்டு. தாடையின் இரு பக்கமும் உப்பியிருக்கும். கடிக்கும் தசை அங்கே திரண்டிருக்கிறது. முதுகுச் சிலுப்பல் உயரமாக இருக்கும். வால் உடம்போடு சேரும் இடம் தடித்திருக்கும். பெண்ணுக்கு அந்த இடம் சட்டென்று மெலியும். ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: கீழே திரிவது சிறியதாக, மண் நிறமாக இருப்பதால் மட்டும் அதைப் பெண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இளம் ஆணும் அப்படித்தான் இருக்கும். வால் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பியை.

இனி, எதற்காக இந்த வித்தியாசம்? வேலி என்பது அந்த ஆணுக்கு எல்லைக்கல். இன்னோர் ஆண் வந்தால் தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கும், தொண்டையை விரிக்கும், அதற்கும் நகராவிட்டால் தாடையைத் தாடையால் கவ்வும். பெரிய தலையும் பலமான கடியும் உள்ளவன் எல்லையைக் காப்பாற்றுகிறான், அங்கே வரும் பெண்களோடு சேர்கிறான், அவன் சாயல் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. டார்வின் 1871இல் விளக்கிய பாலினத் தேர்வு இதுதான். பல்லி, ஓணான் வகைகளையும் அவர் உதாரணம் காட்டியிருக்கிறார். இவ்வளவும் சர்ச்சை இல்லாத பகுதி.

இடம் எங்கே வருகிறது என்றால், அந்த ஆண் எவ்வளவு தூரம் பகட்டலாம் என்பதற்கு வரம்பு போடும் இடத்தில். பருந்தும் பாம்பும் அதே சிவப்பைப் பார்க்கின்றன அல்லவா? ஓணான் குடும்பத்து இனங்கள் பலவற்றை ஒப்பிட்டு 2004இல் ஓர் ஆய்வு வந்தது. உடம்பில் வெளியே தெரியும் பாகங்களையும், தொண்டை, வயிறு போன்ற மறைவான பாகங்களையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். முதுகுப்பக்கம் போன்ற வெளித்தெரியும் பாகங்களில், அடர்ந்த மறைவான இடங்களில் வாழும் இனங்களில்தான் ஆண் பெண்ணைவிடப் பளிச்சென்று இருந்தது. திறந்த வெளியில் அந்தப் பகட்டு குறைகிறது. மறைவான பாகங்களின் நிற வேறுபாடோ இடத்தைப் பொறுத்ததாக இல்லை. ஆண் பெண் உடல் அளவு வித்தியாசத்தோடு, அதாவது சண்டையின் கடுமையோடு சேர்ந்து போனது. முதுகை எதிரியின் கண்ணும் தொண்டையைப் போட்டியாளனின் கண்ணும் செதுக்கியிருக்கின்றன என்று இதை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், இறக்கைபோன்ற சவ்வை விரித்து மரம் விட்டு மரம் சறுக்கும் பறக்கும் ஓணானைப் பாருங்கள். எங்கள் பழைய லயத்துக்குப் பின்னால் மாரியம்மன் கோயிலை ஒட்டி நாலைந்து கிழட்டு ரப்பர் மரங்கள் வெட்டாமல் நிற்கின்றன. பால் வெட்டிய தழும்புகளுக்கு மேலே, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆள் நிற்பதே தெரியாது. திடீரென்று தொண்டையிலிருந்து மஞ்சள் கொடி ஒன்று முளைக்கும். கூர்மையான முக்கோணம், உள்ளே விளக்கு வைத்தது போன்ற மஞ்சள். இரண்டு முறை, மூன்று முறை நீட்டி மடக்கும். மடக்கிய கணத்தில் மறுபடியும் பட்டைதான். அது ஆண். பெண்ணுக்கும் தொண்டையில் சிறு மடிப்பு உண்டு, ஆனால் சின்னது, வெளிறிய நீலம். திறந்த இடத்தில் வாழும் ஒரு பிராணி தன் பகட்டை மடித்து வைத்துக்கொள்ளக் கற்றிருக்கிறது. நான் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன், அலுத்ததில்லை.

இதே வகையைச் சேர்ந்த கொம்புப் பறக்கும் ஓணான் போர்னியோவில் உண்டு. 2014இல் வந்த ஓர் ஆய்வு அதன் இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டது. அலையாத்திக் காட்டில் இருக்கும் கூட்டத்தின் இறக்கைச் சவ்வு, அங்கே உதிரும் சிவந்த இலைகளின் நிறத்தோடு ஒத்துப்போனது. தாழ்நில மழைக்காட்டுக் கூட்டத்துக்கோ அங்கே உதிரும் பழுப்பும் பச்சையுமான இலைகளின் சாயல். காற்றில் சறுக்கி வரும்போது உதிர்கிற இலை என்று பறவை நினைக்க வேண்டும் என்பதே அதன் பயன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரே இனம், இரண்டு காடு, இரண்டு நிறம். சுற்றுப்புறம் தலைமுறைகளின் வழியே உடம்பில் கைவைக்கிறது என்பதற்கு நம் நாட்டுப் பக்கத்திலேயே இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது.

பெரிய உடம்பு எப்போதும் ஆணுக்குத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பறக்கும் ஓணான்களில் சில இனங்களில் பெண்தான் பெரியது. வயிற்றில் முட்டைச் சுமையோடு மரம் விட்டு மரம் சறுக்க வேண்டியவள் அவள். முட்டையிடத் தரைக்கு இறங்கி மண்ணைத் தோண்ட வேண்டியவளும் அவளே. பொதுவாக ஓணான் இனங்கள் பலவற்றில் ஆணுக்குத் தலை பெரிது, பெண்ணுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைப்பட்ட வயிற்றுப்பகுதி நீளம். முட்டைக்கு இடம் வேண்டுமே. ஆனால் வீட்டுப் பல்லியிடம் வந்தால் இந்தக் கணக்கு வேறாகிறது. எவ்வளவு பெரிய பல்லியும் ஒரு தடவைக்கு இரண்டே முட்டைதான். உடம்பு பெருத்தால் முட்டையின் எண்ணிக்கை கூடாது. இரவில் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியின் இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் பல்லியின் அடிவயிற்றைப் பாருங்கள். முட்டை சுமக்கும் பெண்ணானால் இரண்டு வெள்ளை முட்டைகள் தோல் வழியாகவே தெரியும். ஆணானால் பின்தொடைகளின் குறுக்கே, நடுவில் வளைந்து, ஊசியால் குத்திய புள்ளிகள்போல் ஒரு வரிசை இருக்கும். மெழுகுபோன்ற வாசனைப் பொருள் சுரக்கும் துளைகள் அவை. உங்கள் மகனுக்குக் காட்ட இதைவிடச் சுலபமான பாடம் இல்லை, ஒரு பிராணியையும் தொட வேண்டியதில்லை.

இப்போது முதல் கேள்விக்கு, அதாவது ஓர் ஓணானின் ஆயுளுக்குள் சூழல் செய்யும் வேலைக்கு வருகிறேன். அமெரிக்காவின் அரிசோனா மலைகளில் முள்செதில் ஓணான் ஒன்று இருக்கிறது. காட்டில் அதன் ஆண், பெண்ணைவிட வேகமாக வளர்ந்து பெரிதாகிறது. அதே ஓணான்களைக் கொண்டுவந்து, ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரி இடமும் வயிறு நிறையத் தீனியும் கொடுத்து வளர்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2006இல் வெளிவந்த முடிவு இது. படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன். பிறவியிலேயே எழுதி வைத்தது என்று நாம் நினைத்த உடல் அளவு, ஓரளவேனும் தீனியும் அலைச்சலும் எழுதிய கணக்காக இருக்கிறது. ஆண் சுரப்புநீரும் எங்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை: இந்த இனத்தில் அது வளர்ச்சியைத் தூண்டுகிறது, பெண் பெரிதாக இருக்கும் அதன் உறவினம் ஒன்றில் வளர்ச்சியைத் தடுக்கிறது.

தீனியின் கை எவ்வளவு நீளம் என்பதற்குக் கலாபகஸ் தீவுகளின் கடல் உடும்புகள் சாட்சி. அங்கே ஆண் மிகப் பெரியது. பாசி நிறைந்த தீவுகளில் பிரம்மாண்டமாகவும், பாசி குறைந்த தீவுகளில் சிறிதாகவும் இருக்கின்றன. எல் நினோ வந்து கடல் சூடாகிப் பாசி அழியும்போது பஞ்சம். 1992–93லும் 1997–98லும் அவை உடல் நீளத்திலேயே 20 விழுக்காடு வரை சுருங்கின என்று அளந்திருக்கிறார்கள். மெலிவது வேறு; இது எலும்புக்கூடே குறுகியது. பஞ்சத்தில் பெரிய உடம்புக்காரர்களே அதிகம் மாண்டார்கள். பெண்ணைக் கவரப் பெருத்த உடம்பைப் பசி பின்னால் இழுக்கிறது. எந்த ஊரில் எது எவ்வளவு பலமோ, அந்த இடத்தில் ஆணின் அளவு நிற்கிறது.

ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் பகுதி ஒன்றும் உண்டு. ஆணுக்குப் பெரிய தலை சண்டையால் வந்ததா, அல்லது ஆணும் பெண்ணும் ஒரே இரைக்கு முட்டிக்கொள்ளாமல் வேறு வேறு அளவு இரை பிடிப்பதற்காக வந்ததா? கரீபியன் தீவுகளின் அனோலிஸ் ஓணான்களை வைத்து இந்த வாதம் நடக்கிறது. கிராண்ட் கேமன் தீவில் ஒரே ஓர் இனம் தனியாக வாழ்ந்தது. அதில் பெரிய ஆணும் சிறிய பெண்ணும் இரையைப் பங்கிட்டுக்கொள்வதை 1967இல் காட்டினார்கள். பெரிய தீவுகளில், மரத்தடியிலும் தூரிலும் வாழும் இனங்களில் ஆண் பெண் அளவு வித்தியாசம் அதிகம், மெல்லிய குச்சிக் கிளைகளில் வாழ்பவற்றில் குறைவு என்று 2000இல் ஓர் ஒப்பீடு வந்தது. வாழும் கிளைக்கும் வித்தியாசத்துக்கும் தொடர்பு இருப்பது உறுதி. எது காரணம், எது விளைவு என்பதில்தான் தகராறு. என் எண்ணத்தில் சண்டை தொடங்கி வைத்ததை இரை அகலப்படுத்தியிருக்க வேண்டும். இது என் ஊகம் மட்டுமே.

வெயில் இன்னோர் ஆழத்திலும் கைவைக்கிறது. ஆஸ்திரேலியாவின் தாடி ஓணானில், ஆணாக வேண்டிய மரபணுக்களோடு இருக்கும் முட்டைகூட, ஏறக்குறைய 32 டிகிரிக்கு மேல் சூட்டில் அடைபட்டால் பெண்ணாகப் பொரிக்கும். காட்டிலேயே இது நடப்பதை 2015இல் உறுதி செய்தார்கள். அங்கே சூழல் ஆண் பெண் வித்தியாசத்தை மாற்றுவதோடு நிற்காமல், ஆணா பெண்ணா என்பதையே தீர்மானிக்கிறது. இதை எடுத்து நம் வேலி ஓணானுக்குப் பொருத்திவிடக் கூடாது; இனத்துக்கு இனம் விதி மாறும்.

நம் ஊருக்குத் திரும்புவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் போய்த் தாமான் வந்தது. இந்த மாற்றம் ஓணானின் உடம்பை மாற்றுவதற்கு முன்னால், எந்த ஓணான் நம் கண்ணில் படுகிறது என்பதை மாற்றிவிடுகிறது. என் சிறுவயதில் லயத்துச் செம்பருத்தி வேலியில் இருந்தது பச்சை ஓணான். நம் ஆட்கள் அதைப் பச்சோந்தி என்பார்கள், மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்பார்கள். உண்மையான பச்சோந்தி இனம் நம் காடுகளில் கிடையாது. அதில் ஆணும் பெண்ணும் இரண்டுமே பச்சை. இன்று அதே வேலிகளில் நான் காண்பது சிவப்புத் தலைக்காரன். சிங்கப்பூரிலும் இந்த ஓணான் 1980களில் வந்து பரவிய பிறகு, பச்சை ஓணான் காட்டுப் பக்கம் ஒதுங்கியது. என் குறிப்புகளில் செம்பனை வரிசைகளுக்குள் பறக்கும் ஓணான் குறைவு, வெட்டிப் போட்ட மட்டைக் குவியலில் அரணைகள் ஏராளம். (அந்த அரணையிலும் ஆணைப் பாருங்கள், விலாவில் ஆரஞ்சு பூசியிருக்கும். அது முட்டை இடாமல் குட்டி போடும்.) இது ஒரு மனிதன் நடந்து பார்த்த கணக்கு, எண்ணி அளந்த ஆய்வுக்கு ஈடாகாது. ஆனால் பெரியவர் கண்ட மாற்றம் பொய்யில்லை என்று அவரிடம் சொல்லலாம். ‘முன்பு சிவப்புத் தலை இல்லை, இப்போது இருக்கிறது’ என்று அவர் சொன்னால் அவர் நினைவு சரியாகவே இருக்கலாம். பழைய ஓணான் சிவந்துபோகவில்லை. அதன் இடத்துக்கு வேறோர் ஓணான் வந்திருக்கிறது.

உங்கள் மகனுக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுங்கள். நேரம், வெயிலா மேகமா, வேலியில் எவ்வளவு உயரத்தில் இருந்தது, தலை என்ன நிறம், பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள், இவ்வளவு எழுதினால் போதும். கல் எறிய வரும் பிள்ளைகளைத் தடுக்கச் சொல்லுங்கள். சிவப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அடித்துக் கொல்லப்பட்ட எத்தனையோ ஆண்களை நான் தெருவோரத்தில் பார்த்திருக்கிறேன். கீழே திரிவது பெண்தான் என்று வால் அடியை வைத்துத் தெரிந்துவிட்டால், அவள் பூச்சட்டிகளைச் சுற்றிவருவதற்கு ஒரு காரணம் இருக்கலாம்: ஈரமான, பொலபொலப்பான மண்ணில் குழி தோண்டிப் பத்து, இருபது முட்டை இட்டு மூடிவிட்டுப் போவாள். வயிறு பருத்திருந்தவள் ஒரு நாள் ஒட்டிய வயிறோடு திரிந்தால், அந்தச் சட்டி மண்ணை இரண்டு மாதமாவது கிளறாமல் விடுங்கள்.